பதினைந்து சென்டிமீட்டர்

சர்வேயர் என்றால்
பட்டா மாற்றித் தருவீர்களா என்கிறார்கள்
திருத்துறைப்பூண்டியில்.
இல்லைங்க, நான் அளப்பது நிலத்தை அல்ல, வேலையை.
எத்தனை கனமீட்டர் மண், எத்தனை மூட்டை சிமெண்ட்,
எத்தனை கிலோ கம்பி,
அதற்கு எவ்வளவு ரூபாய்.
அப்ப கணக்கப்பிள்ளை என்று
வீட்டுக்கார அஞ்சுகத்தம்மாள்
சரியாகவே பிடித்துக்கொண்டாள்.

முதல் வருஷம் ஒன்பதாயிரம். பயிற்சி என்று பெயர்.
அடுத்த வருஷம் பன்னிரண்டு, பெட்ரோல் தனி.
நாலாம் வருஷம் பதினெட்டில் வந்து
பலகை இறக்கிய மதகு போல நின்றுவிட்டது.

சகாயரூபன் தோஹாவிலிருந்து கூப்பிடுவான்.
ஒரே வகுப்பு; என்னிடம் பார்த்து எழுதியவன்.
சம்பளத்தை ரியாலில் சொல்வான்.
நான் மனசுக்குள் பெருக்குவேன்.
பெருக்குவதுதானே தொழில்.
லண்டன் சங்கத்தில் சேர்ந்துடு பவுனு,
பேருக்குப் பின்னால் நாலு எழுத்து வந்தால்
பதவி தானாக ஏறும் என்பான்.
அந்த நாலு எழுத்துக்கும் கோச்சிங்குக்கும் சேர்த்து
என் ஏழு மாதம்.

அந்த மே மாதம் தூர்வாரும் வேலை.
வெள்ளக்குட்டி வாய்க்கால்,
நாலு கிலோமீட்டர் இருநூறு மீட்டர்,
அடியகலம் ஆறு.
ஜூன் பன்னிரண்டு மேட்டூர் திறப்பு;
தண்ணீர் தலைப்புக்கு வருமுன் அளந்து முடிக்க வேண்டும்.
எஸ்டிமேட்டில் ஆழம் அறுபது.
முப்பது மீட்டருக்கு ஒரு தரம்
ஸ்டாஃப் நிறுத்தி நான் படித்தது
நாற்பத்தைந்து.
தலைப்பில் நாற்பத்தைந்து. வளைவில் நாற்பத்தைந்து.
எந்திரக்காரன்
மட்டம் பிசகாமல் திருடியிருந்தான்.

மேனேஜர் வைரக்கண்ணு கோபப்படவில்லை.
டீ சொன்னார்.
தண்ணி வந்துட்டா ஆழம் யாருக்கும்மா தெரியும் என்றார்.
அப்புறம் வேறு ஏதோ பேச்சு போல
சீனியர் போஸ்ட் ஒண்ணு காலியா கிடக்கு என்றார்.

அறுபது என்று எழுதினேன்.
ஓர் ஆறு, ஒரு சுழி.
டீ ஆறவில்லை.

தண்ணீர் வந்தது.
பூவும் விதைநெல்லும் தூவினார்கள்.
நுரையோடு, செத்தையோடு,
ஒரு ஒற்றைச் செருப்போடு
என் கையெழுத்தின் மேல் ஓடியது.
ஜூலைச் சம்பளச் சீட்டில்
இருபத்தோராயிரத்து ஐந்நூறு.
பெயருக்கு முன்னால் சீனியர்.
ஸ்கூட்டிக்குத் தவணை கட்ட ஆரம்பித்தேன்.

அஞ்சுகத்தம்மாளுக்குக் கடைமடையில்
ரெண்டு மா நிலம் இருப்பது
ஆகஸ்டில்தான் தெரிந்தது.
மேலே முழங்கால் தண்ணியாம்,
எங்க வயலுக்கு நாக்கு நனையல என்றாள்
என் வாடகையை எண்ணிக்கொண்டே.
ஐந்நூறு தாள் ஒன்றை
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
நல்ல நோட்டுத்தான்.

அன்று ராத்திரி கணக்குப் போட்டேன்.
யாரும் கேட்கவில்லை, கை போட்டது.
நாலாயிரத்து இருநூறு பெருக்கல் ஆறு
பெருக்கல் பூச்சியம் புள்ளி ஒன்று ஐந்து:
மூவாயிரத்து எழுநூற்று எண்பது கனமீட்டர்
எடுக்காத மண்.
ஐம்பத்தெட்டு ரூபாய் வீதம்
இரண்டு லட்சத்துப் பத்தொன்பதாயிரத்துச் சொச்சம்.
எனக்கு ஏறியது மாதம் மூவாயிரத்து ஐந்நூறு.
அறுபத்து மூன்றாம் மாதத்தில் இரண்டும் நேராகும்.
அதுவரை கம்பெனிக்கு லாபம்,
அதற்கப்புறம் எனக்கு.

இது ஐம்பத்தொன்பதாம் மாதம்.
மறுபடி மே. வேறொரு வாய்க்கால்.
ஃபர்ஹானா, கூத்தாநல்லூர்,
பயிற்சி, பதினோராயிரம்.
கழுத்தெல்லாம் உப்புப் பூத்து வந்து நிற்கிறாள்.
மேடம், எங்க பிடிச்சாலும்
நாற்பத்தெட்டுதான் வருது.

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன்.
சரியாகத்தான் எடுத்திருக்கிறாள்,
என்னைவிட அழகான எண்கள்.
அடுத்த அறையில் வைரக்கண்ணு தொண்டையைச் செருமுகிறார்.
கதவோரம்
டீக்கடைப் பையன் தூக்கோடு நிற்கிறான்:
எத்தனைங்க்கா?